நியூயார்க்கில் சிறிய சார்ட்டர் பள்ளிக்கு நிலையான கட்டடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு பள்ளி நடத்தும் குழுக்களை மனதில் வைத்து எழுதியது இது. இருபது முப்பது பள்ளி நடத்தும் பெரிய அமைப்புகளிடம் கட்டடம் தேடவே தனி ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே சொல்லும் சட்டமும் விதியும் நியூயார்க் நகரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா?

பணம் அரசுடையது, நிர்வாகம் லாப நோக்கமில்லாத ஓர் அறங்காவலர் குழுவுடையது. கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். நியூயார்க் மாநிலத்தில் இதற்கான சட்டம் 1998இல் வந்தது. அடுத்த ஆண்டே ஹார்லெமில் முதல் பள்ளி திறந்தது. மாநிலப் பல்கலைக்கழக அறங்காவலர்களோ, மாநிலக் கல்வியை மேற்பார்க்கும் ரீஜென்ட்ஸ் வாரியமோ உரிமம் தருகிறார்கள். ஒரு முறைக்கு அதிகபட்சம் 5 ஆண்டு. பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்த 5 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள், வீட்டுக்காரரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் இதுதான் முன்னால் வந்து நிற்கும்.

ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணம் வரும். ஆனால் வழக்கமான பொதுப் பள்ளிகளின் கட்டடச் செலவுக்கு மாநிலம் தரும் உதவித்தொகை சார்ட்டர் பள்ளிக்குக் கிடையாது. பாடம் நடத்தக் காசு உண்டு, கூரைக்கு இல்லை.

இவ்வளவு பெரிய ஊரில் ஒரு கட்டடம் கிடைப்பதில் என்ன சிரமம்?

கட்டடம் முழுசாக வரும், பள்ளியோ வகுப்பு வகுப்பாக வளரும். சிக்கலின் வேர் இதுதான்.

புதிய பள்ளி பெரும்பாலும் மழலையர் வகுப்பும் முதல் வகுப்புமாகத் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பு சேர்த்துக்கொண்டு போகும். சட்டப்படி குறைந்தது 50 பிள்ளைகள் வேண்டும். தொடக்கத்திலேயே 250ஐத் தாண்டினால் ஆசிரியர்கள் தானாகவே தொழிற்சங்க ஒப்பந்தத்துக்குள் வந்துவிடுவார்கள் என்பதால் பலர் சின்னதாகவே ஆரம்பிக்கிறார்கள். கட்டட உரிமையாளருக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருட்டில்லை. நான்கு மாடியையும் ஒரே ஆளுக்கு விடுவதுதான் அவருக்கு வசதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். நிறைவடையும்போது 450 பிள்ளைகள் படிக்கப்போகும் பள்ளி. கட்டடம் 40,000 சதுர அடி. சதுர அடிக்கு ஆண்டுக்கு 45 டாலர். வாடகை 18 லட்சம் டாலர். முதலாண்டில் இருப்பது 120 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கான அடிப்படைத் தொகை 18,000 டாலர் என்று வைத்தால், நகரம் தரும் வாடகை உதவியின் (விவரம் கீழே) உச்சவரம்பு அதில் 30%, அதாவது தலைக்கு 5,400 டாலர். 120 பேருக்கு 6,48,000 டாலர். துண்டு விழுவது 11,52,000.

ஆண்டுக்கு 65 பிள்ளைகள் கூடினால், இரண்டாம் ஆண்டில் 8,01,000, மூன்றாம் ஆண்டில் 4,50,000, நான்காம் ஆண்டில் 99,000 என்று இடைவெளி குறைந்து, ஐந்தாம் ஆண்டில்தான் மூடுகிறது. மொத்தப் பற்றாக்குறை சுமார் 25 லட்சம் டாலர். முதல் உரிமத்தின் காலமும் அதே 5 ஆண்டுதான். புதுப்பிப்பார்களா என்று தெரியாமல் இருக்கும் காலத்தில்தான் கையைக் கடிக்கும்.

நகரம் இடம் தந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை.

ப்ளூம்பெர்க் மேயராக இருந்தபோது பொதுப் பள்ளிக் கட்டடங்களில் காலியாக இருந்த அறைகளைச் சார்ட்டர் பள்ளிகளுக்கு வாடகையில்லாமல் கொடுத்தார்கள். அடுத்த மேயராக டி பிளாசியோ வந்ததும், 2014 பிப்ரவரியில், சக்ஸஸ் அகாடமி என்ற பெரிய சார்ட்டர் அமைப்பின் மூன்று பள்ளிகளுக்கு ஒதுக்கியிருந்த இடத்தை ரத்து செய்தார். பெரிய ரகளை ஆனது. அந்த வசந்த காலத்து மாநில பட்ஜெட்டோடு சட்டத் திருத்தமும் சேர்ந்து வந்துவிட்டது. 2014-15 கல்வியாண்டிலோ அதற்குப் பிறகோ தொடங்கும் பள்ளியும், அப்போதிலிருந்து புதிதாகச் சேர்க்கப்படும் வகுப்புகளும் கேட்டால், நகரம் பொதுப் பள்ளிக் கட்டடத்தில் இலவசமாக இடம் தர வேண்டும். இல்லையென்றால் தனியார் இடத்துக்கு வாடகை உதவி தர வேண்டும். தரும் இடம் பள்ளி இயங்க வேண்டிய சமூகப் பள்ளி மாவட்டத்துக்குள், தகுந்ததாக இருக்க வேண்டும். நகரத்தில் இப்படி 32 மாவட்டங்கள்.

நடைமுறை இப்படி: எழுத்துமூலம் இடம் கேட்க வேண்டும். கேட்டதிலிருந்து 5 மாதத்துக்குள் நகரம் பதில் சொல்ல வேண்டும். இடம் இல்லை என்றாலோ, காட்டிய இடம் ஒத்துவரவில்லை என்றாலோ 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், மாநிலக் கல்வி ஆணையரிடமோ நடுவரிடமோ. அங்கே ஜெயித்தால்தான் வாடகை உதவி.

இங்கே பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். கடிதமே கொடுக்காமல் நேராகத் தனியார் கட்டடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவது ஒன்று. 30 நாள் கெடுவைத் தவறவிடுவது இன்னொன்று. ஒரு வருட வாடகை போய்விடும். கடிதம் கொடுத்த தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எந்த மாவட்டம், எந்த ஆண்டு முதல் என்பதெல்லாம் உங்கள் உரிமத்தில் எழுதியிருப்பதோடு வரிக்கு வரி பொருந்த வேண்டும்.

வாடகை உதவி சரியாக எவ்வளவு?

இரண்டில் எது குறைவோ அது: நீங்கள் உண்மையில் கொடுக்கும் வாடகை, அல்லது ஒரு பிள்ளைக்கான அடிப்படைத் தொகையின் 30% பெருக்கல் பிள்ளைகளின் எண்ணிக்கை. 2014இல் இது 20% ஆக இருந்தது, 2017இல் 30% ஆக்கினார்கள். வாடகை குறைந்த கட்டடம் பிடித்துவிட்டோம், மிச்சப் பணத்தை ஆசிரியருக்குக் கொடுக்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். வாடகைக்கு மேல் ஒரு டாலர் வராது.

‘வாடகை’ என்பதற்குள் எதெல்லாம் அடங்கும் என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே வழக்கறிஞரை வைத்துத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சொத்து வரி, பராமரிப்பு, உரிமையாளர் செய்துதரும் உள்வேலையின் செலவு எல்லாம் தனித்தனி வரியாகக் கிடந்தால் பிறகு தலைவலி.

எங்கள் பள்ளி 2014க்கு முன்பே தொடங்கியது. எங்களுக்கு?

பழைய வகுப்புகளுக்கு ஒன்றும் கிடையாது. 2014க்குப் பின் புதிதாகச் சேர்த்த வகுப்புகளுக்கு மட்டும் கேட்கலாம். மழலையர் முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருந்த பள்ளி ஆறாம் வகுப்பு சேர்த்தால், அந்த வகுப்புக்கு உதவி உண்டு. ஒரே தெருவில் ஒரே வாடகை கொடுக்கும் இரண்டு பள்ளிகளில் ஒன்றுக்குப் பணம் வருவதும் மற்றதற்கு வராததும் திறந்த தேதியால்தான். இதில் நியாயம் எங்கே என்று எங்களைக் கேட்காதீர்கள்.

பொதுப் பள்ளிக் கட்டடத்துக்குள் குடியேறினால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

வாடகை இல்லை, சூடேற்றும் செலவு இல்லை, வாசலில் பாதுகாவலர் உண்டு. பணக்கணக்கில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டும்.

நீங்கள் வந்தால் அங்கிருக்கும் பள்ளிகளுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் ஒரு தாக்க அறிக்கையைக் கல்வித் துறை முதலில் வெளியிட வேண்டும், பள்ளி திறக்கும் நாளுக்குக் குறைந்தது 6 மாதம் முன்பே. பிறகு அந்தக் கட்டடத்திலேயே பொதுக் கூட்டம். கடைசியில் கல்விக் கொள்கைக் குழுவின் வாக்கெடுப்பு. கூட்டத்தில் அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கோபமாக இருப்பார்கள். அவர்கள் பேச்சில் பாதிக்கு மேல் உண்மை இருக்கும். இசை அறை, சிறப்புக் கல்வி அறை, ஆலோசகர் அறை போன்றவைதான் ‘காலி’ என்று கணக்கில் வந்திருக்கும்.

அறைக் கணக்கு எப்படி வருகிறது என்றால், 500 சதுர அடியும் அதற்கு மேலும் இருந்தால் முழு அறை, 240 முதல் 499 வரை அரை அறை, அதற்கும் கீழே கால் அறை. ஒவ்வொரு பள்ளிக்கும் இத்தனை முழு அறை என்று சூத்திரம் வைத்திருக்கிறார்கள். ஒதுக்கீட்டுத் தாளில் அறைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள். அளவு நாடாவோடு போய் அளந்து பாருங்கள். தூண் நடுவில் நிற்கும் அறையும் முழு அறை என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

உண்மையான சண்டை சாப்பாட்டுக் கூடத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும்தான். மூன்று பள்ளி ஒரு கூடத்தைப் பங்கு போட்டால் யாராவது ஒருவர் காலை பத்தரைக்கே மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டும். கடைசியாக வந்தவர் நீங்கள் என்றால் அது நீங்கள்தான். கட்டடப் பயன்பாட்டுத் திட்டத்தில் எந்த நேரம் யாருக்கு என்று அட்டவணை இருக்கும். அது வரைவாக இருக்கும்போதே நிமிட வாரியாகக் கேளுங்கள். எல்லாப் பள்ளித் தலைமை ஆசிரியர்களும் உட்காரும் கட்டடக் குழு இருக்கும். பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த பகிர்விடக் குழு ஆண்டுக்குக் குறைந்தது 4 முறை கூட வேண்டும்.

இன்னொரு விதியும் தெரிந்திருக்கட்டும். 5,000 டாலருக்கு மேல் செலவழித்து உங்கள் பகுதியை மேம்படுத்தினால், அதே கட்டடத்தில் இருக்கும் மற்றப் பொதுப் பள்ளிகளுக்கும் நகரம் ஈடாகச் செலவழிக்க வேண்டும். எனவே முன் அனுமதி இல்லாமல் ஒரு சுவரையும் தொட முடியாது. சுவருக்கு வண்ணம் அடிக்க நன்கொடையாளர் தயாராக இருக்கிறார் என்றாலும் முதலில் கல்வித் துறையைக் கேளுங்கள்.

காலி அறைகள் வருங்காலத்திலும் இப்படியே கிடக்கும் என்று நம்ப வேண்டாம். 2022இல் வந்த மாநிலச் சட்டம் நகரப் பொதுப் பள்ளி வகுப்புகளின் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது: மூன்றாம் வகுப்பு வரை 20 பிள்ளைகள், எட்டு வரை 23, உயர்நிலையில் 25. வகுப்பு சிறுத்தால் அறை கூடுதலாகத் தேவை. இன்று நகரம் ‘இடம் உண்டு’ என்று காட்டும் கட்டடத்தில் ஐந்தாவது ஆண்டில் நீங்கள் கேட்கும் நான்கு அறை இருக்காமல் போகலாம்.

தனியார் கட்டடம் பார்க்கப் போகிறோம். முதலில் என்ன பார்ப்பது?

சுவரை அல்ல, காகிதத்தை. கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் பயன்பாட்டுச் சான்றிதழ் இலவசமாகவே வரும். அதில் ஒவ்வொரு தளத்துக்கும் என்ன பயன்பாடு, எத்தனை பேர் என்று எழுதியிருக்கும். ‘பள்ளி’ என்று இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அலுவலகம், கிடங்கு, பட்டறை என்று இருந்தால் பயன்பாட்டையே மாற்ற வேண்டும். அதாவது முழு வரைபடம், வெளியேறும் படிக்கட்டு, தீயணைப்புத் தெளிப்பான், மாற்றுத்திறனாளிகளுக்கான வழி எல்லாம் இன்றைய விதிப்படி. சதுர அடிக்கு 10 டாலர் மலிவாகக் கிடைத்த கிடங்கு இந்த இடத்தில்தான் பழிவாங்கும்.

அடுத்தது மண்டலம். குடியிருப்பு மண்டலத்தில் பள்ளிக்குத் தடையில்லை. எம்-1 என்ற இலகுரகத் தொழில் மண்டலம் என்றால், நீண்டகால விதிப்படி தரநிலை மற்றும் மேல்முறையீட்டு வாரியத்தின் சிறப்பு அனுமதி தேவை. பள்ளி அனுமதிக்கப்படும் மண்டலத்தில் அக்கம்பக்கத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். உங்கள் மனை அப்படிப்பட்ட மண்டலத்தின் எல்லையிலிருந்து 400 அடிக்குள் இருக்க வேண்டும். சத்தத்துக்கும் லாரிப் போக்குவரத்துக்கும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று காட்ட வேண்டும். அந்த வட்டாரத்தின் கருத்தைச் சொல்லும் சமூக வாரியத்திடமும் போக வேண்டும். நிராகரித்த கட்டடங்களின் பட்டியலை முதல் நாளிலிருந்தே முகவரி, தேதி, காரணத்தோடு எழுதி வைத்தால் பிறகு அதுவே உங்கள் சாட்சி.

நகர வரைபடத்தில் அந்த மனைக்கு ‘இ’ குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மண்ணும் மண்ணிலிருந்து எழும் ஆவியும் சோதிக்கப்பட்டு, சுற்றுச்சூழல் சீரமைப்பு அலுவலகம் ஒப்புக்கொள்ளும் வரை கட்டட அனுமதி நகராது. குறி இல்லாவிட்டாலும் அந்த இடத்தின் பழைய வரலாற்றைப் பார்க்கும் முதற்கட்ட ஆய்வை விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் பங்க் இருந்த இடமா, கீழ்த்தளத்தில் உலர்சலவைக் கடை இருந்ததா என்பது அதில் தெரிந்துவிடும். சலவைக் கடை மூடி முப்பது வருடம் ஆனாலும் அது விட்டுப்போன கரைப்பான் கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கும்.

அப்புறம் அளவு. வகுப்பறையில் ஆளுக்கு 20 சதுர அடி என்பது கட்டட விதிக் கணக்கு, 500 சதுர அடி அறையில் 25 பேர். ஆனால் நடைவழி, படிக்கட்டு, கழிப்பறை, அலுவலகம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 80 முதல் 100 சதுர அடி என்று திட்டமிடுவதே நிம்மதி. 75 பேரோ அதற்கு மேலோ கூடும் அறைக்குக் கூடுமிடச் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். சாப்பாட்டுக் கூடம் கட்டாயம் இதில் வரும்.

மூடிக் கிடக்கும் கத்தோலிக்கப் பள்ளி கிடைத்தால் நல்லதா?

சிறிய பள்ளிக்குப் பெரும்பாலும் இதுதான் முதல் தேர்வு. பள்ளிக்கென்றே கட்டியது, சான்றிதழிலும் ‘பள்ளி’ என்றே இருக்கும், குடியிருப்புத் தெருவில் இருக்கும், அளவும் இருநூறு முந்நூறு பிள்ளைகளுக்குத் தோதாக இருக்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் நியூயார்க் உயர்மறைமாவட்டம் 2011இலும் 2013இலும் ஏராளமான பள்ளிகளை மூடியது. மன்ஹாட்டன், பிராங்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் அதன் கீழ் வரும். புரூக்ளினும் குயின்ஸும் புரூக்ளின் மறைமாவட்டம். இரண்டும் தனித்தனி நிர்வாகம், பேச்சுவார்த்தையும் தனித்தனி.

உள்ளே போய்ப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை. நான்கு மாடி இருக்கும், மின்தூக்கி இருக்காது. கழிப்பறை எல்லாம் நிலத்தடித் தளத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்றாம் மாடியில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையை ஒவ்வொரு தடவையும் யார் கூட்டிக்கொண்டு போவது? கொதிகலன் பக்கத்துக் கோயிலுக்கும் பள்ளிக்கும் சேர்த்து ஒன்றே இருக்கும். எரிபொருள் ரசீதை எப்படிப் பிரிப்பது, ஜனவரியில் அது நின்றுபோனால் யார் சரிசெய்வது என்று எழுத வேண்டும். குழாய் உறைகளிலும் தரை ஓடுகளிலும் கல்நார் இருக்க வாய்ப்பு அதிகம். சான்று பெற்ற ஆய்வாளரின் அறிக்கை இல்லாமல் உள்வேலைக்கு அனுமதி கிடைக்காது.

பேச்சு பங்குத்தந்தையோடு இனிமையாக முடிந்துவிடும், வேலை முடிந்துவிடாது. மறைமாவட்டத்தின் ஒப்புதல் வேண்டும். மாநில மதநிறுவனச் சட்டப்படி 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு நீதிமன்றமோ மாநிலத் தலைமை வழக்கறிஞரோ அனுமதி தர வேண்டும். சில மாதங்கள் பிடிக்கும். இதைத் தவிர்க்கவே பல பங்குக் கோயில்கள் 5 ஆண்டு குத்தகையே தருகின்றன. அதை வைத்து எந்த வங்கியும் மின்தூக்கி கட்டக் கடன் தராது. ஞாயிறு காலையும் வாரத்தில் ஓரிரு மாலையும் மறைக்கல்வி வகுப்புக்கு அறைகளைத் திரும்பக் கேட்பார்கள். திங்கள் காலை நாற்காலிகள் பழைய இடத்தில் இருக்க வேண்டும் என்பதைக்கூட ஒப்பந்தத்தில் எழுதுவது சின்னத்தனம் அல்ல. சிலுவைகளை யார் கழற்றுவது, எங்கே வைப்பது என்பதையும் முன்கூட்டியே மரியாதையாகப் பேசிக்கொள்ளுங்கள்.

லாப நோக்கமற்ற பள்ளிதானே, சொத்து வரி எதற்கு?

வரிவிலக்கு கட்டடத்தின் உரிமையாளரைப் பொறுத்தது. குடியிருப்பவரைப் பொறுத்தது அல்ல. உரிமையாளர் லாபத்துக்கு நடத்தும் நிறுவனம் என்றால் முழு வரி உண்டு. நியூயார்க்கில் பள்ளிக் குத்தகைகள் பெரும்பாலும் வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் குத்தகைதாரர் தலையில் விழும் வகை. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, அரசுக்கே சொத்து வரி கட்டும் வேடிக்கை இதனால்தான். இரண்டு கட்டடத்தின் வாடகையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2019இன் உள்ளூர்ச் சட்டம் 97 கரியமில உமிழ்வுக்கு வரம்பு வைக்கிறது, 2024 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய எண்ணெய்க் கொதிகலன் ஓடும் கட்டடத்துக்கு அபராதம் வந்தால் அது யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குத்தகை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாதவை எவை?

உரிமம் கிடைக்காவிட்டாலோ புதுப்பிக்கப்படாவிட்டாலோ அபராதமின்றி விலகும் உரிமை. இது இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். உரிமையாளர் மறுப்பார். ‘உள்வேலைக்கு நான் போட்ட பணம்?’ என்பார். அவர் செலவில் இன்னும் கழியாத பாகத்தை மட்டும் கொடுத்துவிட்டு விலகுவதாகப் பேசி முடிக்கலாம்.

வாடகை எந்த நாளிலிருந்து ஓடும் என்பது அடுத்தது. சாவி கொடுத்த நாளிலிருந்து அல்ல, தற்காலிகப் பயன்பாட்டுச் சான்றிதழ் வந்த நாளிலிருந்து என்று கேளுங்கள். உரிமையாளர் செய்துதரும் வேலை தாமதமானால், பிள்ளைகளை வேறு இடத்தில் வைத்து நடத்தும் செலவை அவர் ஏற்க வேண்டும். உரிமையாளர் தன் வங்கிக் கடனைக் கட்டாமல் கட்டடம் ஏலத்துக்குப் போனாலும் உங்களை வெளியேற்றக் கூடாது என்று அந்த வங்கியே எழுதித்தர வேண்டும். அறங்காவலர்களிடம் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. சம்பளமில்லாமல் தொண்டு செய்ய வந்தவர்கள் அவர்கள்.

முதலில் சொன்ன பற்றாக்குறையைச் சமாளிக்கும் வழியும் இங்கேதான் இருக்கிறது. தளம் தளமாக எடுத்துக்கொள்ளும் குத்தகை. முதலாண்டு 12,000 சதுர அடி மட்டும் என்றால் அதே கணக்கில் வாடகை 5,40,000 டாலர், உதவி வரம்பான 6,48,000க்குள் அடங்கிவிடும். மற்றத் தளங்களை உரிமையாளர் இடைக்காலத்துக்கு வேறு யாருக்காவது விடலாம். ஆனால் படிக்கட்டும் வாசலும் பிள்ளைகளுக்குத் தனியாக இருக்க வேண்டும், உங்கள் முறை வரும்போது அவர் காலி செய்தே ஆக வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளும் உரிமையாளர்கள் குறைவுதான். இன்னொரு சார்ட்டர் பள்ளியோடு சேர்ந்து முழுக் கட்டடத்தை எடுப்பது அடுத்த வழி. ஒன்று வளர்ந்து முடித்த பள்ளியாகவும் மற்றது தொடங்கும் பள்ளியாகவும் இருந்தால் பொருந்தும். இரண்டும் ஒரே வேகத்தில் வளர்ந்தால் மூன்றாம் ஆண்டில் அறைக்காக முட்டிக்கொள்ளும்.

கடன் வாங்கிச் சொந்தமாகவே வாங்கிவிடலாமா?

முதல் உரிமக் காலத்தில் வேண்டாம். 25, 30 ஆண்டுக் கடன் தரும் வங்கி, 5 ஆண்டு உரிமத்தைப் பார்த்துத் தயங்கும். ஒரு முறையாவது முழுக் காலத்துக்குப் புதுப்பித்த பிறகு போனால் வட்டியும் நிபந்தனையும் வேறு மாதிரி இருக்கும்.

வழிகள் உண்டு. 2011இல் அமைந்த பில்ட் என்.ஒய்.சி. நிதிக் கழகம் வழியாக வரிவிலக்குள்ள கடன் பத்திரம் வெளியிடலாம். கூட்டாட்சி அரசின் புதிய சந்தை வரிக்கழிவுத் திட்டம், முதலீட்டாளருக்கு 7 ஆண்டில் மொத்தம் 39% வரிக்கழிவு தருகிறது, முதல் மூன்று ஆண்டு 5%, பின் நான்கு ஆண்டு 6%. அதன் ஒரு பகுதி மலிவான கடனாகப் பள்ளிக்கு வந்து சேரும். கடனுக்குப் பின்னணி உத்தரவாதம் தரும் கூட்டாட்சித் திட்டமும் உண்டு. பள்ளிக்காகவே கட்டடம் எழுப்பித் தரும் சிவிக் பில்டர்ஸ் போன்ற லாப நோக்கமற்ற அமைப்புகள் 2002இலிருந்து இந்த ஊரில் வேலை செய்கின்றன.

இவை எல்லாவற்றிலும் வழக்கறிஞர், கணக்காளர், ஆலோசகர் கட்டணம் கடன் தொகை சின்னதானாலும் பெரியதானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று கோடி டாலர் கட்டடத்துக்கு அது உறைக்காது. முப்பது லட்சம் டாலர் கட்டடத்துக்கு அதுவே சுமையாகிவிடும். சிறிய பள்ளியை ஓரங்கட்டுவது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல, இந்த நிலைச்செலவுதான்.

இன்னொரு கண்ணி: நகரத்தின் உதவி வாடகைக்குத்தான், கடன் தவணைக்கு அல்ல. அதனால் வாங்குபவர்கள் தனியாக ஒரு துணை அமைப்பை உண்டாக்கி, கட்டடத்தை அதன் பெயரில் வாங்கிப் பள்ளிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். துணை அமைப்பும் லாப நோக்கமற்றதாக இருந்தால் சொத்து வரிவிலக்கும் கேட்கலாம். தன் வலக்கையே இடக்கைக்கு வாடகை கொடுக்கிறது என்ற விமர்சனம் இதற்கு உண்டு. சந்தை மதிப்பீட்டாளரின் அறிக்கை, தனித்தனி நிர்வாகக் குழு, தனித்தனிக் கணக்கு மூன்றும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும்?

ஆகஸ்ட் கடைசியில் மணி அடிக்க வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். உரிமம் தந்தவர்களின் திறப்புக்கு முந்தைய பார்வையிடல் ஆகஸ்ட் தொடக்கம். அதற்குள் தற்காலிகப் பயன்பாட்டுச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் அதைத் தடுப்பது பெரும்பாலும் தீ எச்சரிக்கை அமைப்பு. தீயணைப்புத் துறை ஆய்வுக்குத் தேதி கிடைக்கவே வாரக்கணக்காகும், ஒரு கருவி ஒலிக்காவிட்டாலும் மறு தேதி. ஆகவே அந்த வேலை மே மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டும். எரிவாயு இணைப்பும் மின்திறன் கூட்டலும் கான் எடிசன் என்ற மின்சார, எரிவாயு நிறுவனத்தின் கையில் இருக்கின்றன, உங்கள் ஒப்பந்தக்காரர் கையில் இல்லை. விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே கொடுங்கள். நடுத்தர உள்வேலைக்கு 6 முதல் 8 மாதம், வரைபட அனுமதிக்கு 3 மாதம், குத்தகைப் பேச்சுக்கு 3 முதல் 4 மாதம். கூட்டினால் ஒரு வருடம் முதல் ஒன்றேகால் வருடம் வரை. பயன்பாட்டு மாற்றமோ சிறப்பு அனுமதியோ தேவைப்பட்டால் இரண்டு வருடம்.

நடுவில் ஏப்ரலில் குலுக்கல். முகவரி சொல்ல முடியாத பள்ளிக்குப் பெயர் கொடுத்த பெற்றோர் பலர், செப்டம்பருக்குள் வேறு பள்ளியில் சேர்த்திருப்பார்கள். பிள்ளை குறைந்தால் வரவும் குறையும், வாடகை உதவியும் குறையும். கட்டடத் தாமதத்தின் மிகப் பெரிய செலவு இதுதான், எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இதற்கு ஒரு வரி ஒதுக்கி யாரும் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் சான்றிதழ் வரவில்லை. என்ன செய்வது?

மாற்று இடத்தை மார்ச்சிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். ‘பள்ளி’ என்று சான்றிதழ் உள்ள ஓர் இடம், நான்கைந்து அறை, மூன்று மாதத்துக்கு. உரிமம் தந்தவர்களிடம் ஜூலையிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மாற்று இடம் அதே சமூகப் பள்ளி மாவட்டத்துக்குள் இருப்பது நல்லது. மாவட்டம் மாறினால் உரிமத்தையே திருத்த வேண்டி வரலாம், சேர்க்கையில் அந்த வட்டாரப் பிள்ளைகளுக்குத் தரும் முன்னுரிமையும் குழம்பும். பள்ளிப் பேருந்துத் தடங்களையும் மதிய உணவு வண்டியையும் மாற்ற நகரத்துக்கு முன்னறிவிப்பு தேவை. முதல் நாள் 120 பிள்ளைகள் வந்து, சாப்பாடு பழைய முகவரிக்குப் போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தற்காலிகச் சான்றிதழ் வந்த பிறகும் நிம்மதி இல்லை. வழக்கமாக 90 நாள்தான் செல்லும். அது காலாவதியாகும் தேதியை அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இறுதிச் சான்றிதழ் வரும் வரை ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

பள்ளி மூடப்பட்டால் நாங்கள் போட்ட மின்தூக்கி, தெளிப்பான் எல்லாம்?

கட்டடத்தோடு ஒட்டியது கட்டட உரிமையாளருக்கு. மேஜை, நாற்காலி, கணினி பள்ளியின் சொத்து; கடன்களைத் தீர்த்த பிறகு அவை உரிம ஒப்பந்தத்தில் எழுதியபடி போகும். மூடும் செலவுக்கென்று தனிக் கணக்கில் ஒரு தொகை போட்டு வைக்க உரிமம் தருபவர்கள் கேட்பார்கள், அதைத் தொட்டு வாடகை கட்டக் கூடாது. நகரக் கட்டடத்தில் இருந்தவர்கள் சாவியைக் கட்டடப் பொறுப்பாளரிடம் கொடுத்து, அறை வாரியாக எழுதிய பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.